இரண்டு வருட மோக்கா, சூடான பப்ஸ்: கோவையில் என் சனிக்கிழமைகள்

இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் நானும் அக்காவும் வீட்டில் காப்பி போடுவதில்லை. வடவள்ளியிலிருந்து வண்டியை எடுத்தால் ஒரு வாரம் மருதமலை ரோடு, ஒரு வாரம் சாய்பாபா காலனி, மாத ஆரம்பமென்றால் ஆர்.எஸ்.புரம். எங்கே போனாலும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மோக்கா, அதாவது சாக்லேட் சேர்த்த பால் காப்பி. தின்பதற்கு, அன்றைக்கு எது சூடாக இருக்கிறதோ அது.

மோக்காவில் நான் முதலில் பார்ப்பது சாக்லேட்டும் காப்பியும் கலந்திருக்கிறதா என்பதைத்தான். முக்கால்வாசிக் கடைகளில் கப்பின் உட்பக்கம் சிரப்பைக் கோடு கோடாக ஊற்றி, காப்பியையும் பாலையும் மேலே விட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். குடித்தால் முதல் பாதி வெறும் பால் காப்பி, கடைசி இரண்டு வாய் பாகு. நன்றாகப் போடுகிற கடையில் சாக்லேட்டை முதலில் போட்டு, மெஷினில் அழுத்தி எடுக்கும் கெட்டிக் காப்பியான எஸ்பிரெஸ்ஸோவை நேராக அதன்மேல் இறக்கி, ஸ்பூனால் குழைத்த பிறகுதான் பால் சேர்ப்பார்கள். கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டிலேயே இளகுகிற சமாச்சாரம். 30 மில்லி எஸ்பிரெஸ்ஸோவின் சூடு அதற்குத் தாராளம்.

பாலை 60, 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய பால் வாடை வந்து கோகோவை அமுக்கிவிடும். "நல்லா சூடா" என்று கேட்கும் பழக்கத்தை இதற்காகவே விட்டேன். டிகாஷன் காப்பி கொதிக்கக் கொதிக்கத்தான் வேண்டும், அது வேறு.

டிகாஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. சாய்பாபா காலனியில் ஒரு சின்னக் கடையில் டிகாஷனிலேயே மோக்கா போட்டுத் தந்தார்கள். சிக்கரிக் கசப்பும் கோகோக் கசப்பும் சேர்ந்து நாக்கில் கலங்கல் தண்ணி மாதிரி நின்றது. அடுத்த தடவை, "சிக்கரி இல்லாம போட முடியுங்களாண்ணா?" என்று கேட்டேன். சிக்கரி கலக்காத பீபெரித் தூளில், அதாவது உருண்டையான ஒற்றைக் காப்பிக்கொட்டையின் தூளில், போட்டுக் கொடுத்தார். அதே பால், அதே சாக்லேட், ஆனால் சுத்தமான ருசி. எஸ்பிரெஸ்ஸோ மெஷின் இல்லாமலே நல்ல மோக்கா வரும் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

நமக்குப் பக்கத்திலேயே பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் கோகோவில் செய்த கறுப்பு சாக்லேட்டைப் போட்டு ஒரு இடத்தில் குடித்தேன். லேசான பழப்புளிப்பு, சர்க்கரை கம்மி. 220 ரூபாய் கொடுத்தது உறுத்தவில்லை. ஏமனில் காப்பிக்கொட்டை கப்பலேறிய மோக்கா துறைமுகத்தின் பெயரைத்தான் இந்தப் பானம் சுமக்கிறது. நம் ஊரில் காப்பி, கோகோ இரண்டுமே வண்டியில் போய்விடும் தூரத்தில் இருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

தின்பண்ட விஷயத்தில் ஒன்று உறுதியாகச் சொல்வேன். மோக்காவோடு கேக் வேண்டாம். இனிப்பின்மேல் இனிப்பு விழுந்தால் காப்பி காணாமல் போய்விடும். காரம்தான் சரி: வெஜ் பப்ஸ், காரா பன். அதிலும் பப்ஸ் அடுப்பிலிருந்து இறங்கிய கால் மணி நேரத்துக்குள் வேண்டும். ஒரு கஃபேயில் 90 ரூபாய்க்கு முந்தின நாள் பப்ஸை மைக்ரோவேவில் வைத்துத் தந்தார்கள். மசாலாவின் ஈரம் ஆவியாகி அடுக்குகளில் ஏறி, தோல் மாதிரி இழுத்தது. எங்கள் பேட்டை பேக்கரியில் 25 ரூபாய். நாலரை மணிக்குப் போனால், "பத்து நிமிசம் இருங்கக்கா, அடுத்த தட்டு எறங்குது" என்பான் அந்தத் தம்பி. இருப்போம். கடித்தால் சட்டை முழுக்கத் தூள் உதிரும். அதை நின்றபடியே தின்றுவிட்டு மோக்காவுக்குப் போவதுதான் இப்போது எங்கள் வழக்கம். வாயில் மிளகுக் காரம் மிச்சமிருக்கும்போது முதல் வாய் மோக்கா இறங்க வேண்டும்.

தேங்காய் பன் டீக்குத்தான் பொருத்தம். பூரணத்தின் இனிப்பை டீயின் துவர்ப்புதான் தாங்கும்.

அக்கா மட்டும் ஹனி கேக்கை விடமாட்டாள், மேலே சிவப்பு ஜாமும் தேங்காய்த் துருவலும் போட்டது. அவளுக்காக அந்த வாரங்களில் சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி ஒன்று சேர்த்துச் சொல்கிறோம்.