சிவப்புப் பெட்டி: ஆறு வருடம் காசு கொடுத்த ஆன்டிவைரஸும் மூன்று வருடமாக ஓட்டும், விண்டோஸோடு சும்மா வரும் டிஃபெண்டரும்

"மூணு கம்ப்யூட்டருக்கு மூணு வருஷம், தீபாவளி ஆஃபர்ல பாதி விலைக்கு வருது. வாங்கிப் போட்டுடவா மாப்ள?" என்று போன வாரம் கேட்டான் திருத்துறைப்பூண்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பன். அவன் சொன்னது நான் 2016 முதல் 2022 வரை கடையில் ஓட்டிய அதே ஆன்டிவைரஸ். "வேண்டாம்டா" என்றேன். ஏன் என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தபோது கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள். மீதியை எழுதியே வைத்துவிடுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. என் மனக்குறை அந்த ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயமில்லை.

மன்னார்குடி பந்தலடிப் பக்கம் எனக்கு ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பக் கடை. சிட்டா எடுக்க, பயிர்க் காப்பீடு போட, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க, கல்யாணப் பத்திரிகை அடிக்க என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும், அது நிறையவே இருக்கிறது. கடை தொடங்கியபோது எனக்குப் பெரிய பகை பென் டிரைவ்தான். கல்லூரி லேபில் செருகி, பள்ளிக்கூடத்தில் செருகி, நாலு ஆபீஸில் செருகி, கடைசியில் பிரிண்ட் எடுக்க என்னிடம் வரும். திறந்தால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகியிருக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். நினைத்தது திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதிலும் ஏறிக்கொள்ளும். என் கடையே ஊருக்கெல்லாம் பரப்பும் இடமாகியிருக்கும். இந்த ஆன்டிவைரஸ், பென் டிரைவைச் செருகிய மறுநொடியே தானாக முழுவதையும் சோதித்து அந்த ஷார்ட்கட்டுகளை அழித்துவிடும். நான் அட்ரிப் கமாண்டு போட்டு, மறைந்து கிடக்கும் அசல் ஃபோல்டர்களை வெளியே எடுத்துக் கொடுப்பேன். "புராஜெக்ட் போயிடுச்சுண்ணே" என்று அழுகிற முகத்தோடு நின்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவே நாளானது, இன்டர்நெட் அதற்கும் பிறகுதான். விழுந்த தென்னை, சரிந்த ஓட்டுக்கூரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, மனுவோடு சேர்க்க மெமரி கார்டும் கையுமாக ஜனம் வந்தது. யார் கார்டில் என்ன இருக்கிறதென்று தெரியாது. நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கும் அப்டேட் போட அந்தக் கம்பெனி தனியாக ஒரு ஃபைல் கொடுக்கும். தஞ்சாவூர் போய் அதை இறக்கி எடுத்து வந்து போட்டேன். சப்போர்ட்டுக்குப் போன் செய்தால் தமிழில் பொறுமையாகப் பேசினார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதினால் அது நியாயமில்லை.

என் கோபமெல்லாம் திரையின் ஒரே ஓரத்தில்தான். வலது பக்கம், கீழ் மூலை.

ஆரம்பத்தில் அந்த மூலையில் பெட்டி வந்தால் ஏதோ விஷயம் இருக்கும். மூன்றாவது வருடம் வாக்கில் எதற்கெடுத்தாலும் வர ஆரம்பித்தது. "உங்கள் கணினியில் 1,243 தேவையற்ற ஃபைல்கள்" என்று சிவப்பில் வரும். அவை பிரவுசர் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்கள், ஒருவருக்கும் அவற்றால் கெடுதல் இல்லை. "உங்கள் ஐபி முகவரி வெளியே தெரிகிறது" என்று வரும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதற்கு நம் ஐபி முகவரி தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் நம்மிடம் வந்து சேராது. அந்த மிரட்டலுக்குக் கீழேயே, முகவரியை மறைக்கும் விபிஎன் சேவையை வாங்கச் சொல்லி ஒரு பட்டன். சந்தா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே "பாதுகாப்பை இழக்கப்போகிறீர்கள்" என்று தினம் இரண்டு முறை. நிஜமான வைரஸ் பிடிபட்டாலும் இதே சிவப்பு, இதே ஆச்சரியக்குறி, இதே சத்தம்.

சம்பா காப்பீட்டுக்கு நவம்பர் 15 கடைசித் தேதியாக இருந்த ஒரு வருடம். அடங்கலும் பாஸ்புக்குமாக வாசல் வரை வரிசை. தளம் நத்தை மாதிரி ஓடுகிறது. ஒரு பெரியவருடைய சர்வே எண்களை எல்லாம் ஏற்றி முடித்து, பணம் கட்டும் பட்டனை அழுத்தப் போகும்போது அதன் மேலேயே வந்து உட்கார்ந்தது சந்தா பெட்டி. அதை மூடப்போய் கிளிக் தப்பி வேறு பக்கம் திறந்து, திரும்பி வருவதற்குள் தளம் என்னை வெளியே தள்ளிவிட்டது. முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அன்று ராத்திரி செட்டிங்ஸ் முழுக்கத் தேடினேன். விளம்பர அறிவிப்பை மட்டும் நிறுத்த ஒரு வழி இருந்தது. அதை நிறுத்திய பிறகும் சந்தா பெட்டி நிற்கவில்லை.

இவ்வளவுதான் என்றால் எரிச்சலோடு போயிருக்கும். நீடாமங்கலத்தில் இருக்கிற என் சித்தப்பா, ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவர் லேப்டாப்பிலும் இதே ஆன்டிவைரஸை நான்தான் போட்டுக் கொடுத்தேன். மூன்று கம்ப்யூட்டர் லைசன்ஸில் ஒன்று அவருக்கு. சிவப்புப் பெட்டி வரும்போதெல்லாம் போன் செய்வார். கடையில் கூட்டமாக இருக்கும். "அது சொல்றதைச் செஞ்சிடுங்க சித்தப்பா" என்பேன். நான்கு வருடம் இதையே சொல்லியிருக்கிறேன்.

2022-ல் பஞ்சாங்கம் பிடிஎஃப் தேடி ஒரு தளத்துக்குப் போயிருக்கிறார். நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட "அலோ" அழுத்துங்கள் என்று அது கேட்டிருக்கிறது. அழுத்திவிட்டார். அந்த அலோ உண்மையில் என்ன என்றால், இந்தத் தளம் உங்கள் திரையில் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு காட்டலாம் என்ற அனுமதி. லேப்டாப்பில் வைரஸ் எதுவும் ஏறவில்லை, ஃபைல் எதுவும் இறங்கவில்லை. அதனால் ஆன்டிவைரஸ் பிடிப்பதற்கும் அங்கே ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வலது கீழ் மூலையில் பெட்டி வந்தது, ஏதோ ஒரு ஆன்டிவைரஸின் லோகோவோடு, சந்தா முடிந்துவிட்டது, ஐந்து வைரஸ் இருக்கிறது என்று. அவர் கண்ணுக்கு அது நான் போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ்தான். அதே இடம், அதே நிறம், அதே வார்த்தை. அது சொன்னதைச் செய்தார்.

அழுத்தியதும் திரை முழுக்க ஒரு பக்கம் விரிந்து, சைரன் அடித்து, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்றிருக்கிறது. கூப்பிட்டார். எடுத்தவன் தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கச் சொல்லி, உள்ளே வந்து ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டியிருக்கிறான். அதில் சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமும் வரிசையாக இருக்கும். எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறந்தாலும் இருக்கும், புதிதாக வாங்கியதிலும் இருக்கும். அது விண்டோஸ் தன் அன்றாட வேலைகளைக் குறித்து வைக்கும் நோட்டு, அவ்வளவுதான். இவையெல்லாம் வைரஸ் என்று சொல்லி 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டான்.

சித்தப்பா இதை என்னிடம் பதினொரு நாள் கழித்துத்தான் சொன்னார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், கூச்சத்தில் சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம், இணையத்திலும் பதிந்தோம். உடனே சொல்லியிருந்தால், பணம் கைமாறிப் போவதற்குள் அந்தக் கணக்கை முடக்கச் சொல்லியிருக்கலாம். பதினொரு நாளில் அங்கே எதுவும் மிச்சமில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால் முதல் காரியம் 1930, வெட்கமெல்லாம் அப்புறம். அடுத்தது அந்தத் தொலைவியக்க சாஃப்ட்வேரைக் கழற்றிவிட்டு, வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுவது.

லேப்டாப்பை எடுத்து வந்து பார்த்தேன். பிரவுசர் செட்டிங்ஸில் தள அனுமதிகள், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், அந்தத் தளத்தை நீக்கினேன். ஒரு நிமிட வேலை. எந்தத் தளமும் இனிமேல் அனுமதியே கேட்க முடியாதபடி அதையும் மூடினேன். அப்படி முழுத்திரையைப் பிடித்துக்கொண்டு கத்தும் பக்கம் வந்தால், எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் திரை விடும். விடாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடலாம். அதுவும் முடியாவிட்டால் பவர் பட்டனை அமுக்கி அணைத்துவிடலாம், சேமிக்காத வேலை போகலாம், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் காட்டும் நிஜமான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. இதை ஒரு பேப்பரில் பெரிய எழுத்தில் அடித்து அவர் மேஜைக்கு மேலே ஒட்டினேன்: "நம்பர் இருந்தால் பொய். அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்."

அந்த வாரமே மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் ஆன்டிவைரஸைக் கழற்றினேன். சந்தா இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது.

கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக எழுந்துகொண்டது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே அது முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே இருக்கிறது. வேறொன்றைப் போட்டால் ஒதுங்கிக்கொள்ளும், அதை எடுத்தால் திரும்ப வேலைக்கு வரும். ஆறு வருடமாக இதை ஒதுக்கி வைக்கத்தான் காசு கொடுத்திருக்கிறேனோ என்று அன்றைக்குத் தோன்றியது, பிறகு பென் டிரைவ் ஞாபகம் வந்து அந்த எண்ணத்தைத் திருத்திக்கொண்டேன்.

மூன்று வருட டிஃபெண்டர் அனுபவத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதன் அமைதி. எதையும் வாங்கச் சொல்லி அந்த மூலையில் அது வந்ததில்லை. ஏதாவது பிடித்தால் சொல்லும், இல்லாவிட்டால் இருக்கிற இடம் தெரியாது. இப்போது என் கடையில் அந்த மூலையில் ஒரு பெட்டி வந்தால் நான் கையிலிருக்கும் வேலையை விட்டுப் படிக்கிறேன். அந்தப் பழக்கம் திரும்ப வந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

குறைகளும் இருக்கின்றன. பென் டிரைவைச் செருகியதும் தானாக முழுவதையும் சோதிக்காது, நாம் ஃபைலைத் தொடும்போதுதான் பார்க்கும். நான் ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்த பிறகே திறக்கிறேன். கூட்ட நேரத்தில் கடையில் இருக்கும் பையன் மறந்துவிடுகிறான். ஃபைல்களைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வேரைத் தடுக்க 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கிறது, நாமே போய் இயக்க வேண்டும். இயக்கினால் அதற்குப் பழக்கமில்லாத சாஃப்ட்வேர் எதுவும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் எழுத முடியாது. நல்ல காவல்தான். ஆனால் பத்திரிகை அடிக்க நான் வைத்திருக்கும் பழைய சாஃப்ட்வேரையும் அது தடுத்துவிட்டது, பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு பத்திரிகையைச் சேமிக்க முடியாமல் அரை மணி நேரம் திண்டாடினேன். அனுமதிப் பட்டியலில் அதைச் சேர்த்த பிறகு சரியானது. விண்டோஸ் அப்டேட் இல்லாமல் டிஃபெண்டர் மட்டும் காப்பாற்றிவிடும் என்றும் நம்ப முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. என் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸ் 11 ஏறாது, அதை இப்போது நெட்டிலிருந்து கழற்றிவிட்டு ஜெராக்ஸ் பக்கம் பிரிண்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

நண்பனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாப்ள, உன் ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிற சாஃப்ட்வேர் கிராக், காசு கட்டாமல் பூட்டை உடைத்த காப்பி. அதைப் போடும்போது ஆன்டிவைரஸ் கத்தும், நீ அதை அணைத்துவிட்டுத்தான் போடுவாய், எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான். ஸ்டாப் என்கிற ரான்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக் வழியாகத்தான் வருகிறது. வாசலில் காவல்காரனை உட்கார வைத்து, திருடன் வரும்போது அவனைச் சாப்பிட அனுப்புகிற கதை. ஒரு முகூர்த்தத்தின் படங்கள் பூட்டிக்கொண்டால் அந்தக் கல்யாணத்தை யாரும் திரும்ப நடத்தித் தரமாட்டார்கள். அந்தக் காசை ஒரு வெளி ஹார்ட் டிஸ்குக்குப் போடு. தினம் வேலை முடிந்ததும் நகல் எடுத்து, கழற்றி அலமாரியில் வை. செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பிடிக்கும் திறனையும், பென் டிரைவையும், சப்போர்ட்டையும் வைத்து மதிப்பெண் போட்டால் என் பழைய ஆன்டிவைரஸ் இன்றைக்கும் டிஃபெண்டரைவிட இரண்டு மார்க் கூடவே வாங்கும். என் கடை மாதிரி தினம் முப்பது பென் டிரைவ் வருகிற இடத்துக்கு அது பொருத்தம் என்றுகூடச் சொல்வேன். ஆனாலும் வாங்க மாட்டேன், வாங்கச் சொல்லவும் மாட்டேன். அந்தச் சிவப்பை மறுபடி எங்கள் வீட்டுத் திரையில் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். "தம்பி, லேப்டாப்ல ஒரு பெட்டி வந்திருக்கு. நீலக் கலர். நம்பர் எதுவும் இல்ல. ரீஸ்டார்ட்னு இருக்கு, அமுக்கலாமா?"

"எதுவும் அமுக்காதீங்க, வர்றேன்" என்று கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால் விண்டோஸ் அப்டேட்தான். "இது நெசமானது சித்தப்பா, அமுக்குங்க" என்றேன். மவுஸை அதன் மேல் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து இன்னொரு முறை கேட்டார்.