சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடை: தீவு இலக்கியம் வாங்கப் போகிறவர்களுக்கு

எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம்தான். மாடியில் இருக்கும் கடை. தென்கடல் (பசிபிக்) தீவுகளைப் பற்றிய பழைய எழுத்துகள் பெங்களூருவில் இவ்வளவு மலிவாகச் சிக்கும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் அட்டை விலையில் பாதி. ஆனால் அலமாரி ஒரே இடத்தில் இல்லை. மெல்வில், ஸ்டீவன்சன், ஜாக் லண்டன் ‘கிளாசிக்ஸ்’ வரிசையில். ஓவியர் கோகெனின் தாஹிதித் தீவுக் குறிப்புகள் ஓவியப் பிரிவில். குடியேற்ற வரலாறும் நோய் வரலாறும் படிக்கட்டுக்குக் கீழே, ‘டிராவல்’ என்று எழுதிய பெட்டிகளில். 1875-ல் பிஜியில் சுமார் 40,000 பேரைக் கொன்ற தட்டம்மை, தேனிலவுக் கையேடுகளுக்கு நடுவே கிடக்கிறது. அந்த அம்மையைக் கொண்டு வந்தது, சிட்னி போய்த் திரும்பிய பிஜி மன்னர் தக்கம்பாவை ஏற்றி வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்.

வாங்குமுன் எந்தப் பதிப்பு என்று பார்ப்பது அவசியம். மார்க்கேசஸ் தீவுப் பள்ளத்தாக்கு ஒன்றில் வாழ்ந்ததைச் சொல்லும் மெல்வில்லின் ‘டைப்பி’ 1846-ல் லண்டனில் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் திருத்திய பதிப்பு ஒன்று வந்தது. மிஷனரிகளைக் கடிந்த பகுதிகளும், கப்பலேறிய தீவுப் பெண்களிடம் மாலுமிகள் நடந்துகொண்ட விதமும் அதில் வெட்டப்பட்டன. வெள்ளையர் வருகையையே தொற்றாகப் பார்க்கும் மெல்வில் இருப்பது அந்தப் பக்கங்களில்தான். அவை போனால் மிஞ்சுவது தென்னந்தோப்பு. எனவே கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஹவாயை ஆங்கிலேயக் கப்பற்படைத் தளபதி 1843-ல் கைப்பற்றிய விவகாரம் பின்னிணைப்பாக இருந்தால் நல்லது. அது இல்லாமல், மெல்வில்லின் கப்பல் நண்பனைப் பற்றிய ‘டோபியின் கதை’ மட்டும் இருந்தால் வெட்டுப்பட்ட பிரதி. இரண்டும் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். (முதல் பதிப்பின் தலைப்பில் ‘நான்கு மாத வாசம்’ என்று இருக்கும். மனிதர் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது ஏறக்குறைய ஒரு மாதம்.)

ஸ்டீவன்சனின் ‘ஃபலேசா கடற்கரை’க்கு இன்னும் சுலபமான சோதனை உண்டு. வியாபாரி வில்ட்ஷயர், ஊமா என்ற பெண்ணைப் போலிப் பத்திரம் எழுதிக் கட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போங்கள். அந்தத் திருமணம் எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். ஸ்டீவன்சன் எழுதியது ‘ஒரு இரவுக்கு’. 1892-ல் பத்திரிகைத் தொடரில் பத்திரத்தையே தூக்கிவிட்டார்கள். 1893 நூலில் அது ‘ஒரு வாரத்துக்கு’ என்று சாதுவாகிவிட்டது. கையெழுத்துப் பிரதியை அடியொற்றிய பாடம் வெளிவந்தது 1984-ல். கடையில் குவிந்திருக்கும் மலிவுப் பதிப்புகள் எல்லாம் ‘ஒரு வாரம்’தான்.

பெரிய குறை ஹவாய் விஷயத்தில். தொழுநோயாளிகளைப் பிரித்து வைக்கும் சட்டம் அங்கே 1865-ல் வந்தது. 1866 முதல் 1969 வரை சுமார் 8,000 பேரை மோலோகாய் தீவின் முனைக்கு அனுப்பினார்கள். போக மறுத்து 1893-ல் துப்பாக்கியோடு கவாய் தீவின் பள்ளத்தாக்கில் ஒளிந்தவர் கோஒலாவ். ஜாக் லண்டன் அவரைக் கதையாக்கினார். வெள்ளையரைச் சாடும் கதைதான், ஆனால் கடைசியில் நாயகன் தனியாகச் சாகிறார். நிஜத்தில் மனைவி பியிலானியும் மகனும் கூடவே இருந்தார்கள். கணவனையும் மகனையும் அங்கேயே புதைத்துவிட்டு வந்த பியிலானி சொன்ன வரலாறு 1906-லேயே ஹவாய் மொழியில் நூலாகிவிட்டது. ஆங்கிலத்தில் 2001-ல் தனி நூலாகவும் வந்தது. ஜாக் லண்டன் இங்கே நான்கு பிரதி. பியிலானி ஒன்றுகூட இல்லை. ஆல்பர்ட் வென்ட் போன்ற சமோவா எழுத்தாளர்களும் இல்லை. கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள், ஆனால் முழு விலை.

ஹவாய்க்காரர்கள் தொழுநோயைச் ‘சீன நோய்’ என்றார்கள். நாம் மேகநோயைப் பறங்கிப்புண் என்றோம். யார் நோயை யார் தலையில் கட்டினார்கள் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. இந்தப் புத்தகங்கள் பலவற்றில் வெள்ளைக்காரர் பேசும்போது மட்டும் நோய் தீவின் மண்ணிலிருந்தே முளைக்கும்.

பழைய பிரதிகளில் பழுப்புப் புள்ளிகள் சகஜம், பயமில்லை. முதுகில் மாவு போலத் தூள் கொட்டினால் பூச்சி. வீட்டு அலமாரிக்குள் விடாதீர்கள். ஸ்கேன் செய்து அச்சடித்த புதுப் பதிப்புகளில் மடித்து வைத்த வரைபடங்கள் பாதியோடு நின்றிருக்கும். படப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

தமிழ் அலமாரி ஒப்புக்கு ஒரு தட்டு. புதுமைப்பித்தன் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நோயோடு சீரழியும் மருதியை ‘துன்பக்கேணி’யில் படிக்காமல் ஸ்டீவன்சனின் ஊமாவை முழுசாகப் படித்ததாகச் சொல்ல முடியாது. அந்தத் தலைப்பே பிஜிக் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிய பாரதி பாட்டில் வரும் சொல். 1879-ல் பிஜிக்கு இந்தியக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் ‘லியோனிடாஸ்’ காலராவோடும் பெரியம்மையோடும்தான் போய்ச் சேர்ந்தது. இந்தக் கதைகளுக்கு அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்தை நம்புங்கள்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ‘ஒரு வாரம்’ என்று வீட்டில் போய்க் கண்டுபிடித்தால், பில்லோடு திருப்பினால் பாதி விலைக்கு வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம்.