பழைய பெட்ரோல் பங்க் இடத்தில் மண் டெஸ்ட் என்று 1,18,000 ரூபாய் போனது, தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபத்தோடு எழுதுகிறேன், முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 1,18,000 ரூபாய். ஒரு லட்சம், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அந்த ஜிஎஸ்டிக்கு பில் கூட இன்றுவரை வரவில்லை.

நாமக்கல் பக்கம் ஒன்பது சென்ட் இடம் வாங்கி அஸ்திவாரம் தோண்டினோம். ஆறடியில் ஜேசிபி பக்கெட் ஒரு இரும்புக் குழாயில் மாட்டியது, குப்பென்று மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நாற்றம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "இங்க முன்னாடி பெட்ரோல் பங்க் இருந்துச்சு தம்பி, மூடறப்ப டேங்க எடுத்த மாதிரி தெரியல" என்றார். இடத்தை விற்றவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, அது தனி வழக்கு. அங்கேயே இருந்த போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துப் பார்த்தால் மேலே வானவில் நிறத்தில் மெல்லிய படலம். வேலையாட்கள் அத்தனை நாளும் அதைத்தான் குடித்திருக்கிறார்கள். நானும் குடித்தேன், என் நாலு வயதுப் பெண்ணும் குடித்தாள்.

பயந்துபோய், வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் தேடினேன். "மண், நீர் மாசு ஆய்வு" என்று ஒருவன், நல்ல ஸ்டார் ரேட்டிங். மறுநாளே நேரில் வந்துவிட்டான். அவன் பேசியதெல்லாம் சரியான பேச்சு, அதில்தான் விழுந்தேன். பெட்ரோல் தண்ணீரை விட லேசு, நிலத்தடி நீருக்கு மேலே மிதக்கும், அதிலுள்ள பென்சீன் என்ற ரசாயனம் தண்ணீரில் கரைந்து வெகுதூரம் போகும் என்றான். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும், உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரைதான் சொல்லியிருக்கிறது என்றான். நம்ம ஊர் பாறை பூமி, பாறை வெடிப்பு வழியாக எந்தப் பக்கமும் போகலாம், அதனால் குறைந்தது மூன்று துளை போட்டு நீர்மட்டம் பார்த்தால்தான் ஓட்டம் எந்தத் திசை என்று தெரியும், மண்ணை டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே இருந்து எடுக்க வேண்டும், தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் பிடித்து ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பென்சீன் ஆவியாகிவிடும் என்றெல்லாம் சொன்னான். 2013ல் சென்னை தண்டையார்பேட்டையில் குழாய் கசிந்து வீட்டுப் போரில் எண்ணெய் வந்ததையும் சொன்னான். கடைசியில் உள்ளே விளையாடிய என் மகளைப் பார்த்து, "எனக்கும் இதே வயசுல பொண்ணு இருக்குதுங்கண்ணா, என் வீட்டு வேலை மாதிரி செஞ்சு தர்றேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். 1,18,000 ரூபாயையும் ஒரே தடவையில் அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து ஒரு பைக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள். கையால் திருகும் கம்பியை வைத்து கேட் ஓரமாக மூன்றடிக்கு ஒரே ஒரு துளை. குழாய் தெரிந்த இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி! கேட்டால், "சாருதான் இங்க எடுக்கச் சொன்னாருங்க". தண்ணீரைக் காலி வாட்டர் பாட்டிலில் பாதி பிடித்து, வெயிலில் பைக் பையில் போட்டார்கள். போகும்போது "ஓடிபி சொல்லுங்கண்ணா, வந்துட்டுப் போனதுக்கு என்ட்ரி" என்றார்கள். சொன்னேன். அது வேலை முடிந்தது என்பதற்கான ஓடிபி.

பதினேழு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. மண்ணுக்கு பிஎச், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. நான் என்ன நெல்லா நடப் போகிறேன்? தண்ணீருக்கு டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு. பென்சீன் என்ற வார்த்தையே எங்கும் இல்லை. எந்த லேப் என்றும் இல்லை. அடியில் "குடிக்க உகந்தது" என்று ஒரு சீல்.

போன் செய்தேன். முதல் நாள் "லேப்ல கேட்டுச் சொல்றேங்கண்ணா". அப்புறம் "பென்சீன் தனி பேக்கேஜ், அதுக்கு இன்னும் நாப்பதாயிரம் ஆகும்". அப்புறம் எடுப்பதே இல்லை, மனைவி போனிலிருந்து அடித்தால் குரல் கேட்டதும் கட் செய்கிறான். ஆப்பில் புகார் போட்டால், சேவை முடிந்து ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். ரிப்போர்ட் வந்ததே பதினேழாம் நாள் என்று மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அதே பதிலை ஒட்டிவிட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். 1,18,000 ரூபாய், என் ஒன்றரை வருடச் சேமிப்பு.

இந்த மாதிரி இடம் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. எத்தனை துளை, எவ்வளவு ஆழம், எந்தெந்த ரசாயனம் என்று எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். லேபுக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களைச் சரிபார்த்து அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் அந்தப் பரிசோதனைக்கே இருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். ரிப்போர்ட் கைக்கு வராமல் ஓடிபி சொல்லாதீர்கள். பழைய டேங்க் கிடைத்தால் உடனே கேஸ் கட்டர் வைத்து வெட்ட விடாதீர்கள், உள்ளே ஆவி இருந்தால் வெடிக்கும். எங்கள் ஜேசிபிக்காரர் வெட்டப் போனார், நல்லவேளை நிறுத்திவிட்டேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். போர் மோட்டார் பியூஸைப் பிடுங்கிவிட்டு எல்லாருக்கும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். தோட்டத்துப் பெரியவர் கிணறு எங்கள் எல்லையிலிருந்து அறுபது அடிகூட இருக்காது, அவர் மாடுகள் அதில்தான் தண்ணீர் குடிக்கின்றன. பென்சீன் உண்மையாகவே பார்த்துத் தரும் லேப் சேலம், ஈரோடு, கோவை பக்கம் யாருக்காவது தெரிந்தால் இன்றே சொல்லுங்கள், அவர் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.