இருபத்திரண்டு எழுத்துக் கடவுச்சொல்லும் எங்கள் வீட்டு ரிமோட்டும்

ஒரு ஓடிடி சேவையின் ஆண்டுச் சந்தாவைச் சலுகை விலையில் தருகிறார்களே, எடுக்கலாமா என்று என் சித்தி மகன் சென்ற வாரம் கேட்டான். அந்த ஓடிடி சேவையை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துபவன் என்பதால், என்னிடம் ஒரே சொல்லில் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பான். படத்தின் தெளிவு, ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் பார்க்கலாம் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அவற்றில் எனக்கும் சொல்லும்படியான குறை இல்லை. ஆனால் சென்ற ஆடி மாதம் அந்தக் கணக்கு என் கையை விட்டுப் போய், திரும்பி வந்து, பிறகு எங்கள் வீட்டாராலேயே இன்னொரு முறை பூட்டப்பட்ட கதையைச் சொல்லாமல் அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தகவல் தந்தது சேவை நிறுவனம் அல்ல, வங்கி. நாளை சந்தாவுக்காக இவ்வளவு தொகை எடுக்கப்படும் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்தத் தொகை நான் வழக்கமாகக் கட்டுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. யாரோ உள்ளே புகுந்து, என் செலவில் உயர்ந்த திட்டத்துக்கு மாறியிருக்கிறார்கள். தொடர் கட்டணங்களைக் கார்டிலிருந்து எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வந்த புதிதில் பலருடைய சந்தாக்கள் பாதியில் அறுந்துபோனதால், அதைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். அன்று அந்த ஒற்றைக் குறுஞ்செய்திக்காக அவ்வளவு திட்டையும் மனத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வங்கியின் ஆப்பைத் திறந்து, தானாகப் பணம் எடுக்க நான் தந்திருந்த ஒப்புதலை ரத்து செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தக் கதை முழுவதிலும் எதிர்பார்த்ததை விட நன்றாக வேலை செய்த பகுதி அதுதான்.

கணக்குக்குள் நுழைவது அவ்வளவு எளிதாக இல்லை. கடவுச்சொல் தவறு என்றது. மறந்துவிட்டது என்று அழுத்தினால், மீட்பு இணைப்பை நான் கேள்விப்பட்டே இராத ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்புவதாகப் பாதி எழுத்துகளை மறைத்துக் காட்டியது. மற்றொரு வழியாகக் கொடுத்திருந்த கைப்பேசி எண் என் அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்ட எண். இணைப்புத் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி. அதன்படி அது யாருக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. துணிந்து அந்த எண்ணுக்கே அழைத்தேன். எடுத்த பெண்மணி, "இந்த நம்பருக்குத் தினமும் யாருக்காவது ஏதாவது ஓடிபி வந்துக்கிட்டேதாங்க இருக்கு, நான் எதையும் யாருக்கும் சொல்றதில்லை" என்று கறாராகச் சொல்லி வைத்துவிட்டார். என் வேலை நடக்கவில்லை என்றாலும் அவர் செய்தது சரி.

மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டதாக என் பழைய முகவரிக்கு ஒரு கடிதம் வரத்தான் செய்திருந்தது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி அறிவிப்புகளோடு சேர்ந்து இரண்டு நாள்களாகக் கிடந்தது. நான் பார்த்தபோது அதிலிருந்த மீட்பு இணைப்பு காலாவதியாகியிருந்தது. அதற்குள் என் மைத்துனர் உதவி செய்வதாகக் கூகுளில் தேடி, முதலில் வந்த ஒரு வாடிக்கையாளர் சேவை எண்ணை எழுதிக் கொடுத்தார். நல்ல வேளையாக நான் அதை அழைக்கவில்லை. இப்படிப்பட்ட போலி எண்களில் பேசுகிறவர்கள் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை நிறுவச் சொல்லி வங்கிக் கணக்கையே துடைத்துவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் செயலியைப் பெயர் சொல்லி எச்சரித்திருக்கிறது. சேவையின் ஆப்புக்குள்ளேயே இருக்கும் சாட் வழியாகத்தான் போனேன். கடைசியாகப் பணம் எடுக்கப்பட்ட தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், கணக்குத் தொடங்கிய மாதம் ஆகியவற்றைக் கேட்டுச் சரிபார்த்து, நாற்பது நிமிடங்களில் கணக்கைத் திருப்பித் தந்தார்கள். அந்தப் பணியாளர் ஒருமுறைகூடப் பொறுமை இழக்கவில்லை. உதவிப் பிரிவைப் பற்றி யார் குறை சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தவறு என்னுடையதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய இணையக் கடையில் வைத்திருந்த அதே கடவுச்சொல்லை இங்கும் வைத்திருந்தேன். டிராய் ஹன்ட் என்ற இணையப் பாதுகாப்பு வல்லுநர் 2013-இல் தொடங்கிய, கசிந்த தரவுகளில் நம் மின்னஞ்சல் இருக்கிறதா என்று தேடிச் சொல்லும் தளத்தில் பார்த்தபோது என் முகவரி இருந்தது. ஓரிடத்தில் கசிந்த மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டு, மென்பொருள் மூலம் வேறு நூறு இடங்களில் போட்டுப் பார்ப்பது இந்தத் திருடர்களின் வழி. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் அமெரிக்காவில் தொடங்கிய சில நாள்களிலேயே அதன் கணக்குகள் சில டாலர்களுக்கு இணையத்தில் விற்பனைக்கு வந்தபோது, தன் அமைப்பு உடைக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று அந்த நிறுவனம் சொன்னது. ஒரே சாவியை எல்லாப் பூட்டுக்கும் வைத்திருப்பவர்கள் இருக்கும்வரை ஒரு நிறுவனத்தின் பூட்டை யாரும் உடைக்கத் தேவையில்லை.

ஆகவே கடவுச்சொற்களை உருவாக்கிச் சேமித்து வைக்கும் கடவுச்சொல் மேலாளர் ஆப்பைக் கொண்டு இருபத்திரண்டு எழுத்தில், எந்தப் பொருளும் இல்லாத ஒன்றை உருவாக்கினேன். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று என்பதை அழுத்தினேன். அழுத்திய பிறகும் அந்த அந்நியரின் டிவி சில மணி நேரம் பட்டியலில் இருந்தது. அவர் திறந்திருந்த புரொஃபைலையும் நீக்கினேன். அதற்குப் பிறகு தொடங்கியதுதான் இதை எழுத வைத்த எரிச்சல்.

எங்கள் வீட்டு டிவி 2017-இல் வாங்கியது. அதில் உள்ள ஆப்பில் கடவுச்சொல்லை ரிமோட்டால்தான் அடிக்க வேண்டும். திரையில் ஆங்கில எழுத்துகள் வரிசைக்கு ஆறாக நிற்கும். அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றுக்கும் நகர வேண்டும். பெரிய எழுத்துக்கு ஒரு பொத்தான், குறிகளுக்கு வேறு பக்கம், எழுத்துக்குத் திரும்ப மறுபடியும் ஒரு பொத்தான். அடித்ததெல்லாம் புள்ளிகளாகத்தான் தெரியும். ஒருநாள் பொறுமையாக எண்ணினேன்: இருபத்திரண்டு எழுத்துக்கு நூற்று முப்பத்தேழு அழுத்தல்கள். நூற்று முப்பதாவதில் விரல் தவறினால் முதலிலிருந்து. நான் அலுவலகத்தில் இருந்த ஒரு பிற்பகலில் அம்மா காகிதத்தைப் பார்த்து ஐந்தாறு முறை முயன்றிருக்கிறார். பல முறை தவறாக அடித்ததால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டுவிட்டது. திருடன் உள்ளே இருந்தபோது பூட்டாத கணக்கை, என் அம்மா வந்தவுடன் நிறுவனத்தார் பூட்டிவிட்டார்கள். "ஏன்டா, ஒரு சீரியல் பாக்குறதுக்கு இவ்வளவு பெரிய பூட்டு எதுக்குடா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, குறிகளே இல்லாமல், தொடர்பில்லாத ஐந்து சொற்களைச் சிறிய எழுத்தில் சேர்த்து வைக்கலாம் என்று பார்த்தால், பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக்குறி ஒன்று கட்டாயம் என்று மறுக்கிறது. 2003-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டுக்காக இந்தக் கலவை ஆலோசனையை எழுதிய பில் பர், 2017-இல் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். அதே ஆண்டு வந்த நிஸ்டின் புதிய வழிகாட்டுதல், கலவை விதிகளைத் திணிக்காதீர்கள், நீளத்துக்கு இடம் கொடுங்கள் என்றது. விதியை எழுதியவரே கைவிட்டதை இந்த ஓடிடி சேவையினர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதே சமயம், கடவுச்சொல்லோடு இன்னொரு படியையும் சேர்க்கும் இரட்டைச் சரிபார்ப்பு வசதியை மட்டும் இதுவரை தரவில்லை. உண்மையில் காவல் வேண்டிய இடத்தில் கதவே கிடையாது. அம்மா நடமாடும் வாசலில் ஏழு படி.

அதனால் மின்னஞ்சலைத்தான் இறுக்கினேன், ஏனென்றால் எந்தக் கணக்கை மீட்கவும் இணைப்பு அங்குதான் வருகிறது. முப்பது விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கங்களை மாற்றித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்பை அதில் சேர்த்தேன். அந்த ஆப் கைவசம் இல்லாதபோது பயன்படும், கூகுள் தந்த பத்து மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் உறையில் வைத்தேன். என் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி எதையாவது யாரேனும் ரகசியமாகச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பார்த்தேன், இல்லை. அப்பாவின் பழைய எண்ணை இந்த ஓடிடி கணக்கிலிருந்து மட்டுமன்றி, இன்னும் நான்கு இடங்களிலிருந்தும் நீக்க வேண்டியிருந்தது.

டிவிக்கு, கடைசியில் ஓடிடி ஆப்களை இயக்கும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை வாங்கிச் செருகினேன். அதில் உள்ள புதிய ஆப், திரையில் ஒரு சிறிய குறியீட்டைக் காட்டுகிறது. ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கைப்பேசி ஆப்பில் அதை அடித்தால் இருபது விநாடியில் வேலை முடிந்துவிடுகிறது. (அந்தக் குறியீட்டைக் கூகுளில் தேடி வரும் ஏதோ ஒரு தளத்தில் போட்டுவிடாதீர்கள், ஆக்டிவேஷன் கட்டணம் என்று பணம் கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன.) முதல்முறை அது வேலை செய்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அந்தச் சேவையில் பார்த்த எந்தப் படமும் தராதது. ஆனால் அந்த ஸ்டிக்கின் விலை என் ஓராண்டுச் சந்தாவை விட அதிகம். பார்ப்பதற்குக் கொடுத்ததை விட உள்ளே நுழைவதற்கு நான் அதிகம் கொடுத்திருக்கிறேன்.

படம் தெளிவாக இருக்கிறது, உதவிப் பிரிவு நன்றாக இருக்கிறது, தவறும் என்னுடையது. இவ்வளவையும் சித்தி மகனிடம் சொல்லிவிட்டு, எடுக்காதே என்றேன். ஆண்டுக் கணக்கில் நிச்சயம் வேண்டாம். அப்படியானால் நீங்கள் ஏன் அண்ணா இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். இப்போது யூபிஐ ஆட்டோபே வழியாக மாதச் சந்தாதான் கட்டுகிறேன் என்று பேச்சை மாற்றினேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, நாளை பணம் எடுக்கப்படும் என்ற குறுஞ்செய்தி வந்திருக்கிறது. தொகை சரியாகத்தான் இருக்கிறது. நான் ரத்து செய்யவில்லை.