அடியும் மில்லிமீட்டரும் உள்ள இரட்டை டேப்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

மாடுலர் கிச்சன், அலமாரி செய்து கொடுக்கும் பட்டறையில் அளவெடுப்பதும் வெட்டுப் பட்டியல் போடுவதும் என் வேலை. அதனால் மேல் விளிம்பில் இன்ச்சும் கீழ் விளிம்பில் சென்டிமீட்டரும் அச்சிட்ட ஐந்து மீட்டர் டேப் பல வருடங்களாக இடுப்பிலேயே தொங்குகிறது. ஸ்பிரிங், பூட்டு, ரப்பர் உறை பற்றியெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேச வேண்டியது அந்த இரண்டு விளிம்புகளைப் பற்றித்தான்.

இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஆசாரி இன்றைக்கும் "எட்டடி மூணங்குலம் ரெண்டு நூல்" என்றுதான் குரல் கொடுப்பார். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். டேப்பின் இன்ச் பக்கத்தில் பதினாறு கோடு இருப்பதால் இரண்டு கோட்டுக்கு ஒரு நூல், ஒரு கோடு அரை நூல். ஆர்க்கிடெக்ட் அனுப்பும் வரைபடமோ முழுக்க மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவில் நான்.

கணக்கு எளிதுதான். 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் ஒப்புக்கொண்டபடி ஒரு அங்குலம் சரியாக 25.4 மி.மீ., ஒரு அடி 304.8 மி.மீ. மனக்கணக்குக்கு அங்குலத்தை 25-ஆல் பெருக்கி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.4 சேர்ப்பேன். ஒரு நூல் ஏறக்குறைய 3.2 மி.மீ. ஆசாரி சொன்ன அளவு 99 அங்குலம் இரண்டு நூல், அதாவது 2521 மி.மீ. அலமாரிக்கு இந்தத் துல்லியம் போதும்.

சிக்கல் வருவது "ஒரு அடின்னா முன்னூறு" என்று பேச்சுவாக்கில் சொல்வதால். அடிக்கு 4.8 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. பத்தடிச் சுவரில் அதுவே 48 மி.மீ. கிச்சனில் 600 மி.மீ. அகலப் பெட்டி ஐந்து வைத்தால் 3000. சுவர் உண்மையிலேயே பத்தடி என்றால் 3048. மீதி இடத்தில் ஒரு ஃபில்லர் பட்டை அடித்து மறைத்துவிடலாம். தலைகீழாக வந்தால்தான் தலைவலி: சுவர் 3000 இருக்க, ரெண்டடிப் பெட்டி ஐந்து என்று வெட்டி வைத்தால் கடைசிப் பெட்டி உள்ளே போகாது. ஃபில்லரை ஒட்டலாம், சுவரைத் தள்ள முடியாதே.

கடைச் சரக்கிலும் இதே குழப்பம். பிளைவுட் "எட்டுக்கு நாலு" என்று அடியில் விற்கும், தடிமன் மட்டும் 18 மி.மீ. என்பார்கள். ஷீட்டில் அச்சிட்டிருப்பது 2440 x 1220. அகலத்தை இரண்டாகக் கிழித்தால் ரம்பம் தின்பது போக ஒவ்வொன்றும் ரெண்டடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். 600 ஆழம் என்று வரைந்தால் தாராளமாகக் கிடைக்கும். டிராயர் உள்ளே வெளியே ஓடும் தண்டவாளமான சேனலைப் பதினெட்டு இன்ச் என்று கேட்டு வாங்குகிறோம், பெட்டியைப் பிரித்தால் 450 மி.மீ. பதினெட்டு இன்ச் 457 அல்லவா? சேனலைக் கையில் வாங்கி அளக்காமல் டிராயர் வெட்டக் கூடாது என்பது எங்கள் பட்டறை விதி.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது வாட்ஸ்அப்பில். "ஹைட் 8.5" என்று வாடிக்கையாளர் அனுப்புவார். எட்டடி ஐந்தங்குலமா, எட்டரை அடியா? வித்தியாசம் சரியாக ஒரு அங்குலம். "8.10" என்று வந்தால் இன்னும் மோசம். எட்டடி பத்தங்குலத்தைத்தான் சொல்கிறார் என்று நமக்குப் புரியும், ஆனால் கணினியில் ஏற்றுகிற பையனுக்கு அது 8.1 அடி. ஏறக்குறைய ஒன்பது அங்குலம் காணாமல் போகும். புள்ளி வைத்து வரும் எந்த அளவையும் போன் செய்து கேட்காமல் பட்டியலில் ஏற்ற விடுவதில்லை.

இத்தனை நாள் இரட்டை டேப்போடு இருந்ததில் என் அபிப்பிராயம் இது: மாற்றிக் கணக்குப் போடுவதே கடைசி வழியாக இருக்கட்டும். கையிலேயே இரண்டு விளிம்பும் இருக்கும்போது அடியில் படித்ததைக் கால்குலேட்டரில் தட்டுவானேன்? டேப்பை எடுக்காமல் கீழ் விளிம்பையும் ஒரு முறை படித்து எழுதினால் போதும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் படித்ததில் எங்கோ தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். இந்த டேப்பின் ஆகப்பெரிய பயன் எனக்கு இந்தச் சரிபார்ப்புதான். லேசர் மீட்டரும் வைத்திருக்கிறேன். நீளச் சுவருக்கு அருமை, ஆனால் ஒரே நேரத்தில் இப்படி இரண்டையும் கண்முன் விரித்துக் காட்டாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: முனைக் கொக்கி லேசாக ஆடினால் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கொக்கியின் தடிமன் அளவுக்கு அது ஆடத்தான் வேண்டும். விளிம்பில் மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டி அளந்தாலும் ஒரே அளவு வருவது அதனால்தான். பட்டையில் ரோமன் எழுத்தில் II என்று வட்டத்துக்குள் இருந்தால் இரண்டாம் வகுப்புத் துல்லியம், ஐந்து மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை கூடக்குறைய இருக்கலாம். சில டேப்பில் 16 அங்குலத்துக்கு ஒரு முறை சிவப்பாக இருக்கும். அது அமெரிக்க மரச்சட்ட வீடுகளுக்கான குறி, நமக்கு வேலையில்லை. சைட்டுக்கு இரட்டை டேப் எடுத்துப் போங்கள். பட்டறையில் வெட்டுகிறவர் கையில் மில்லிமீட்டர் மட்டும் உள்ள டேப்பைக் கொடுத்துவிடுங்கள்.