வியாழனின் பிளாஸ்மா வளையம்: கசினியா, ஹிசாகியா?
கும்பகோணத்து மொட்டைமாடியிலிருந்து வியாழன் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும், அதன் நிலவான அயோவின் பாதையில் சுழலும் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) வளையத்தின் புற ஊதா ஒளி கீழே வராது, காற்று விழுங்கிவிடும். அயோவிலிருந்து நொடிக்குச் சுமார் ஒரு டன் கந்தகமும் ஆக்சிஜனும் கிளம்பி இந்த வளையத்தில் சேர்கின்றன. மடைத்தண்ணீர் மாதிரி அது ஏறும், இறங்கும். ஒருநாள் அளந்தால் போதாது.

கசினி விண்கலம் 2000 அக்டோபரிலிருந்து 2001 மார்ச் வரை, சனிக்குப் போகிற வழியில் பார்த்தது. பூமியின் ஒளிர்வு குறுக்கிடவில்லை. கந்தக அயனிகளின் விகிதம் மாறுவதைத் தெளிவாகப் பிடித்தது. வியாழனைக் கடந்தபின் அவ்வளவுதான்.

2013 செப்டம்பரில் ஏவிய ஜப்பானின் ஹிசாகி விண்தொலைநோக்கி பூமியைச் சுற்றியபடி, 20 செ.மீ. ஆடியோடு, 55–145 நானோமீட்டரில் ஆண்டுக்கணக்கில் பார்த்தது. 2015 தொடக்கத்தில் வளையம் பிரகாசித்தது பதிவானது. தொல்லையும் உண்டு: 121.6 நானோமீட்டரில் பூமியின் ஹைட்ரஜன் ஒளி கலக்கும். தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியில் இரைச்சல் ஏறும், அந்த நிமிடங்களைக் கழித்துவிடுங்கள். ஏற்ற இறக்கத்தை ஆராய்பவருக்கு ஹிசாகிதான்.