கிராக்சைட்: முதலில் பாலத்துக்குப் போங்கள்

மகன் இங்கிலாந்தில் நியூகாசிலில் இருக்கிறான். போன ஜூன் மாதம் அவனிடம் போயிருந்தபோது, "அப்பா, உங்களுக்குன்னே ஒரு வீடு இருக்கு" என்று சொல்லி, ராத்பரி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிராக்சைட் மாளிகைக்குக் கூட்டிப்போனான். காரில் ஒரு மணி நேரம். நான் குந்தாவில் நீர்மின் நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். உலகத்திலேயே முதன்முதலில் நீர்மின்சாரத்தில் விளக்கு எரிந்த வீடு இது என்பதால்தான் அவனுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. எனக்கோ அந்த வீடு மலைமேல் உட்கார்ந்திருக்கும் விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நேராக வீட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில் பள்ளத்தில் இறங்கி, டெப்டன் ஓடையின் மேல் இருக்கும் இரும்புப் பாலத்துக்குப் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். செங்குத்தான பாறைச் சரிவு, அதன் உச்சியில் வீடு. கல் சுவர், அதற்கு மேல் கறுப்பு மரச்சட்டங்கள் வைத்த வெள்ளைச் சுவர், கூம்புக் கூரைகள், ஒரு கோபுரம், உயர உயரமாகப் புகைபோக்கிகள். எதுவும் எதோடும் ஒரே வரிசையில் இல்லை. இடது பக்கம் போல வலது பக்கம் கிடையாது. ஆனாலும் ஒன்றைக்கூட எடுத்துவிட மனசு வராது.

வீட்டுக்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். தண்ணீரின் அழுத்தத்தில் இயங்கும் பாரம்தூக்கியைக் கண்டுபிடித்தவர். பீரங்கி செய்து விற்றும் பெரும் பணம் பார்த்தவர். சின்ன வயதில் உடம்பு சரியில்லாமல் ராத்பரியில் வந்து தங்கிய ஊர்ப்பாசம் அவருக்கு. 1863-ல் இங்கே ஓய்வுக்காக ஒரு சின்ன வீடுதான் கட்டினார். 1869-ல் நார்மன் ஷா என்ற கட்டடக்கலைஞரை அழைத்தார். விருந்தாளிகள் எல்லாம் வேட்டைக்குப் போயிருந்த ஒரு மதியத்திலேயே ஷா முழு வீட்டையும் தாளில் வரைந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கட்டி முடிக்கச் சுமார் 15 வருடம் ஆயிற்று. பழைய வீட்டை இடிக்காமல் அதையே சுற்றிச் சுற்றி வளர்த்தார்கள். அதனால்தான் பல தலைமுறை கட்டிச் சேர்த்த வீடு மாதிரி தெரிகிறது. அப்படித் தெரிய வேண்டும் என்பதுதான் ஷாவின் நோக்கமும். ஓவியத்தில் வரும் காட்சியைத் தரையிலேயே உண்டாக்கப் பார்த்த காலம் அது.

பாலத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் வழியெல்லாம் பாறைத் தோட்டம். ஐரோப்பாவின் மிகப்பெரிய பாறைத் தோட்டங்களில் ஒன்று. "என்னங்க, இந்தக் கல்லெல்லாம் இங்கேயே இருந்ததா?" என்று என் மனைவி கேட்டார். இல்லை, ஆட்களை வைத்து அடுக்கியது. முன்பு இது மரமே இல்லாத மொட்டை மலை. இன்று இருக்கும் காடு, ஏரிகள், ஓடையோரப் பாதைகள் எல்லாமே ஆம்ஸ்ட்ராங் உண்டாக்கியவை. நட்ட மரமும் புதரும் 70 லட்சம் என்கிறார்கள். வட அமெரிக்காவின் ஊசியிலை மரங்கள் வானத்தை மறைக்கின்றன. நாங்கள் போனபோது ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடந்தது. ஊட்டிப் பக்கம் காட்டுப்பூவரசு என்போமே, அதன் சொந்தம்தான். மனைவி அங்கிருந்து நகரவே இல்லை.

அப்புறம் என் விஷயத்துக்கு வருகிறேன். 1878-ல் ஓடையைத் தடுத்து, டர்பைன் வைத்து, ஒரு சீமன்ஸ் டைனமோவைச் சுழற்றி, ஓவியக்கூடத்தில் வில்விளக்கு (இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்கு) ஏற்றினார்கள். 1880-ல் மின்குமிழ் கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வானின் மின்குமிழ்கள் நூலகத்துக்கு வந்தன. அந்த நூலகம்தான் வீட்டிலேயே எனக்குப் பிடித்த அறை. பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய சன்னல், தேன் நிற மரப்பலகைச் சுவர், எனாமல் வேலைப்பாடு செய்த நான்கு ஜாடி விளக்குகள். அந்த ஜாடிகளுக்கு அப்போது சுவிட்சே கிடையாது. பாதரசம் இருக்கும் கிண்ணத்தின் மேல் ஜாடியைத் தூக்கி வைத்தால் இணைப்பு கிடைத்து விளக்கு எரியும், எடுத்தால் அணையும். இன்று எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் அந்த யோசனையின் எளிமையை நினைத்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சமையலறையில் இறைச்சி சுடும் கம்பியைத் திருப்பியதும் தண்ணீர்தான், மாடிக்கு லிஃப்ட்டைத் தூக்கியதும் தண்ணீர்தான். கண்ணுக்கு அழகாகத் தெரிகிற ஏரிதான் வீட்டுக்கு உழைத்தும் கொடுத்திருக்கிறது.

எனக்கு ஒப்பாதது வரவேற்பறை. கடைசியாகச் சேர்த்தது. 10 டன் பளிங்கில் கணப்பு (குளிர்காயும் அடுப்பு), கண்ணைப் பறிக்கும் செதுக்கல். அந்தக் கணப்பு லெத்தபி என்பவர் வடிவமைத்தது. வேலைப்பாட்டில் குறையே இல்லை. ஆனால் அது ராஜாக்களுக்குக் காட்டக் கட்டிய அறை. 1884-ல் வேல்ஸ் இளவரசரும் மனைவியும் வந்து தங்கினார்கள். சாப்பாட்டு அறையில் கல்வளைவுக்குள் திண்ணை மாதிரி இருக்கும் கணப்பு மாடம் எவ்வளவோ மேல். அதே இடத்தில் ஆம்ஸ்ட்ராங் செருப்புக் காலோடு படித்துக்கொண்டிருக்கும் ஓவியம் ஒன்று உண்டு. அவர் வாழ்ந்தது அங்கேதான் என்று பட்டது.

எதிர்ச் சரிவில் இருக்கும் வரிசைத் தோட்டத்தில் எல்லாப் பக்கமும் வெயில் படும்படி பழ மரத் தொட்டிகளைச் சுழற்றி வைக்கும் கண்ணாடி வீட்டை மட்டும் பார்த்தால் போதும்.

முழங்கால் வலி இருப்பவர்கள் பாறைத் தோட்டத்துப் படிகளை யோசித்து ஏறுங்கள். மழை பெய்திருந்தால் வழுக்கும். முடியாதவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றி 6 மைல் கார்ப் பாதை இருக்கிறது. அரை நாள் போதாது, காலையிலேயே போய்விடுங்கள். கிளம்பும் முன் டம்பிள்டன் ஏரிக்கரையில் பெரிய திருகாணி வடிவில் இருக்கும் 17 மீட்டர் நீளத் திருகு டர்பைனைப் பாருங்கள். 2014-ல் வைத்தது. நாங்கள் போன அன்று அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டு விளக்குகளுக்கு மறுபடியும் தண்ணீரிலிருந்தே மின்சாரம்.